பந்தை எடுத்துக் கொடுத்த குற்றம்

1

சென்ற மாதம் என் மகன் பள்ளிக்கூட உதைபந்தாட்டத்தின் அரையிறுதியில் இரண்டு கோல் அடித்தான். இரண்டுக்கும் தண்டிக்கப்பட்டான். முதலாவதுக்கு மஞ்சள் அட்டை. இரண்டாவதுக்கு இன்னொரு மஞ்சள், அதோடு சேர்ந்து சிவப்பு. அவனுடைய அணி இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. மற்றப் பிள்ளைகள் மைதானத்தின் நடுவில் துள்ளிக்கொண்டு நின்ற நேரம், அந்த இரண்டு கோலையும் அடித்தவன் உடுப்பு மாற்றும் அறையில் தனியாக இருந்தான்.

குற்றம்: கோலுக்குப் பின் கண்ணியமற்ற நடத்தை. செய்தது: வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து எதிரணியின் பந்துக்காப்பாளனிடம் கொடுத்துவிட்டு, அவன் தோளில் ஒருமுறை தட்டினான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு இதில் என்ன குற்றம் என்று விளங்காது. இங்கே இருப்பவர்களுக்கு இதை வேறு எப்படி எடுப்பது என்று விளங்கவில்லை. இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் தெரிந்தவன் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

2

பிரதீபனுக்குப் பதினைந்து வயது. எண்பதுகளின் நடுவில் நாங்கள் லண்டனுக்கு வந்து இறங்கியபோது என் தோளில் நித்திரையாக இருந்தான். விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அவனுடைய முழுப் பெயரையும் வாசிக்க முயன்று பாதியில் கைவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவனைப் பிரட் என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவான். இந்தக் குறிப்பில் அவன் பேசுவதாக நான் எழுதுவது எல்லாம் என்னுடைய மொழிபெயர்ப்பு. ‘அப்பா’, ‘அம்மா’ இரண்டும் மட்டும் அவன் சொன்னபடியே.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். இங்கே ஓர் அச்சகத்தில் விளம்பரப் பிரசுரங்களைப் பொதி கட்டுகிறேன். பத்திரிகைப் பழக்கம் ஒன்று மட்டும் விட்டுப்போகவில்லை. எதைப் பார்த்தாலும் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று முதலில் யோசிப்பேன். ஆகவே எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்கிறேன்.

இந்தப் பருவம் தொடங்கும்போது பாடசாலைகள் லீக் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகளும் கோல் அடித்தவுடன் மூலைக் கொடியைச் சுற்றி ஆடுகிறார்கள், சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், தோற்றவனின் முகத்துக்கு நேரே போய்ச் சிரிக்கிறார்கள். முதல் இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம், மூன்றாவதைப் பொறுக்க வேண்டாம் என்பது அதன் சாரம். நல்ல சுற்றறிக்கை. என் மேசைக்கு வந்திருந்தால் ஒரு வரிகூட வெட்டியிருக்க மாட்டேன்.

அரையிறுதியன்று மெல்லிய மழை. முதல் கோல் இடது பக்கத்திலிருந்து நிலத்தோடு போனது. கூட்டாளிகள் கட்டிப்பிடிக்க ஓடிவந்தார்கள். பிரதீபன் அவர்களுக்கிடையால் நழுவி வலைக்குள் போனான். எதிரணிப் பந்துக்காப்பாளன், நெடிய செம்பட்டைத் தலைப் பையன், சேற்றில் முழங்காலில் இருந்தான். பந்தைக் கையில் கொடுத்துத் தோளில் தட்டிய இவனை அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு எல்லைக்கோட்டில் நின்றே தெரிந்தது. பந்தை நிலத்தில் அடித்தான். “என்ன, நக்கலா?” என்று கத்தினான். நடுவர் மஞ்சள் அட்டையைத் தூக்கினார்.

எதற்கு அட்டை என்று இவனுக்கு விளங்கவில்லை. பந்தை எடுக்கப் போய் நேரத்தை வீணாக்கியதற்கு என்று நினைத்தானாம். ஆகவே இரண்டாவது கோல் அடித்தவுடன் முழு வேகத்தில் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து, முழு வேகத்தில் அந்தப் பையனிடம் கொண்டுபோனான். அவன் இரண்டு கையாலும் இவனுடைய நெஞ்சில் தள்ளினான். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு தகப்பன் நின்றார். எங்கள் அணியில் அவருடைய மகனும் ஆடினான். என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்கள் மகனுக்குச் சரியான கொழுப்பு” என்றார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

3

அவனுக்கு இந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட கவுன்சிலின் திடல் ஒன்று இருக்கிறது. கோல் கம்பங்கள் வருடம் முழுவதும் நிற்கும். வலையை ஆட்ட நாளில் மட்டும் கட்டி, முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது தொடங்கி ஞாயிறு காலைகளில் நாங்கள் அங்கே போகிறோம். நான் கம்பங்களுக்கிடையில் நிற்பேன், அவன் அடிப்பான். நான் தவறவிட்டால் பந்து எனக்குப் பின்னால் முட்புதருக்குள் போகும். “அடிச்சவன்தான் எடுக்கவேணும்” என்பேன். போய் எடுத்து வந்து என் கையில் கொடுப்பான். அந்த ஒரு விதியைத் தவிர நான் அவனுக்கு உதைபந்தாட்டத்தில் எதையும் கற்றுத்தரவில்லை. மற்றதெல்லாம் அவன் பள்ளிக்கூடத்தில் பிடித்தது.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு நான் சொன்னதில்லை. அவன் கேட்டதுமில்லை.

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். நடுவில் வேலி இல்லை, வலையும் இல்லை. கோல் அடித்தால் பந்து நேரே பாத்திக்குள் போகும். தோட்டக்காரர் மார்க்கண்டு கிணற்றடியில் நின்று கத்துவார். “ஒரு சோடிக் கால்தான்! ஒரு சோடிக் கால்தான் உள்ள வரலாம்!” பதினொரு பேரும் மிதித்தால் வெங்காயம் என்ன ஆகும்? ஒருவன் மட்டும் போகலாம் என்றால் யார் போவது? அடித்தவன் போகட்டும் என்று எதிரணி சொல்லியிருக்கும். எப்போது, யார் சொன்னது என்று தெரியாது. நான் விளையாடத் தொடங்கியபோதே அது சட்டமாக இருந்தது.

கோல் அடித்தவன் வரம்பில் கால் வைத்து, வாய்க்காலைத் தாண்டி, ஈர வெங்காயத் தாளுக்குள் பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். போகும்போது நெஞ்சு அடிக்கும், கூட்டாளிகள் பெயர் சொல்லிக் கத்துவார்கள். வரும்போது அந்தச் சத்தம் ஓய்ந்திருக்கும். எதிரே கோலி, பந்துக்காப்பாளனை அப்படித்தான் கூப்பிடுவோம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். முகத்தைப் பார்க்காமல் பந்தைக் கொடுப்போம். அவனும் முகத்தைப் பார்க்காமல் வாங்குவான். காலில் செம்மண், கையில் வெங்காய மணம். கொண்டாட்டம் என்று எங்களிடம் இருந்தது அந்தத் தனிநடை மட்டும்தான்.

நான் அடித்த கோல்கள் அதிகமில்லை. ஆனாலும் வேலை முடிந்து நொதர்ன் லைன் ரயிலில் நின்றுகொண்டு வரும்போது எனக்கு நினைவு வருவது கோல் அல்ல, அந்த நடைதான். இரு பக்கமும் பச்சை, நடுவில் ஒரு அடி அகல வரம்பு, என்னைத் தவிர வேறு எவரும் அதில் இல்லை. அந்தத் தோட்டமும் மைதானமும் இப்போது இராணுவ முகாமின் முட்கம்பிக்குள் இருக்கின்றன. மார்க்கண்டர் எங்கே என்று கேட்டு எழுதினேன், தெரிந்தவர் இல்லை.

தோளில் தட்டுவது மட்டும் எங்களுடையது அல்ல. அது பிரதீபன் எங்கிருந்தோ சேர்த்துக்கொண்டது.

4

சிவப்பு அட்டை என்றால் அடுத்த ஆட்டம் இல்லை. அடுத்த ஆட்டம் இறுதி.

அவனுடைய உதைபந்தாட்டப் பொறுப்பாசிரியர் மிஸ்டர் பார்க்கர், புவியியல் படிப்பிப்பவர், தொலைபேசியில் கூப்பிட்டார். லீக்குக்கு முறையிடலாம், மூன்று பேர் கொண்ட குழு ஒன்று விசாரிக்கும் என்றார். பிறகு குரலைத் தணித்து, “இது உங்கள் பண்பாட்டில் உள்ள ஏதாவது என்றால் நமக்கு வழி இருக்கிறது” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று பின்னேரம் யோகன் வந்திருந்தான். என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி. ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். அகதி விண்ணப்பம் போடும் எங்கள் ஆட்களுக்காகப் பேசிப் பேசி இந்த நாட்டு அலுவலகங்களின் உள்ளும் புறமும் அறிந்தவன்.

“அத்தான், இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? சமயம் எண்டு சொல்லுங்கோ. சைவ ஆக்கள் நாங்கள் இப்பிடித்தான் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்க அவையளுக்குப் பயம்.”

“சைவத்தில எங்கயடா பந்து எடுத்துக் குடுக்கச் சொல்லிக் கிடக்கு?”

“அவைக்குத் தெரியுமே? ஐயர் ஒராளிட்டக் கடிதமும் வாங்கித் தாறன்.”

“ஐயர் என்ன எழுதுவார்? கோல் அடிச்சா தேங்காய் உடைக்கோணும் எண்டோ?”

“பகிடி விடாதேங்கோ அத்தான். நான் எத்தினை கேஸ் பாத்திட்டன். உண்மையைச் சொன்னால் அவைக்கு விளங்காது. வெங்காயத் தோட்டம், மார்க்கண்டு எண்டு தொடங்கினியளெண்டால் கொட்டாவி விடுவாங்கள். அவையளிட்ட ஏற்கெனவே இருக்கிற பெட்டி எதுக்குள்ளயாவது தூக்கிப் போடோணும். சமயம் எண்டால் ஒரு பெட்டி. வெங்காயம் எண்டால் பெட்டி இல்லை.”

என் மனைவி அடுப்பில் இருந்த கறியைப் பார்த்தபடியே, திரும்பாமல் சொன்னாள்: “பிள்ளை நாலு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை. இந்த மனிசனுக்குச் சொல்லுச் சுத்தமாய் இருக்கவேணும். பேப்பர் நடத்துறார் இன்னும்.”

பிரதீபன் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தமிழ் பேசமாட்டானே தவிர விளங்கும். அவனுக்கு இறுதி ஆட்டம் எவ்வளவு வேண்டும் என்பது அவன் நின்ற நிலையில் தெரிந்தது. ஆறு வயதிலிருந்து எங்களிடம் எதையும் கெஞ்சிக் கேட்காத பிள்ளை. இப்போதும் கேட்கவில்லை.

ஒரு நாள் முழுவதும் பொதி கட்டிக்கொண்டே யோசித்தேன். பிறகு முடிவெடுத்தேன். சமயமா என்று கேட்டால் ஓம், அப்படித்தான் என்பேன். நானாகச் சொல்லமாட்டேன், கேட்டால் ஓம். ஒரு சொல்தானே.

5

விசாரணை லூயிஷாம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் நடந்தது. எங்களைச் சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் இருத்தினார்கள். குழுவுக்குத் தலைவி ஒரு மூதாட்டி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் விட்டிருந்தார். அவருக்கு இரு பக்கமும் வேறு பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்கள் இருவர். தேநீர் தந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். தந்தியில் வரும் செய்தி ஆங்கிலத்தைப் பல வருடங்கள் தமிழாக்கியவன் நான். ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை அரை மணி நேரத்தில் மொழிபெயர்ப்பேன். ஆனால் இப்படியான அறைகளில் எனக்கு ஆங்கிலம் ஒரு கணம் பிந்தித்தான் வரும்.

நடுவரின் அறிக்கையை வாசித்தார்கள். அவர் பொய் ஏதும் எழுதவில்லை. பையன் பந்துடன் ஓடினான், கொடுத்தான், தட்டினான், மற்றவன் கோபப்பட்டான். அவர் நின்ற இடத்திலிருந்து நான் பார்த்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன்.

மிஸ்டர் பார்க்கர் எழுந்து, பிரட் அமைதியான பையன், இதுவரை ஒரு அட்டையும் வாங்காதவன் என்று சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷி. நான் நுழையவேண்டிய கதவை அவரே திறந்துவிட்டார். “ஒன்றை நான் கேட்கவேண்டும். தவறாக எடுக்கவேண்டாம். இந்தச் செய்கைக்கும் உங்கள் சமயத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? இருந்தால் எங்களுக்கு இதை வேறு மாதிரிப் பார்க்க இடமுண்டு.”

நான் வாயைத் திறந்தேன்.

“இல்லை” என்றான் பிரதீபன்.

மிஸ்டர் பார்க்கர் தன்னுடைய சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். தலைவி அவன் பக்கம் திரும்பினார். “அப்படியென்றால் ஏன் செய்கிறாய்?”

“நானும் அப்பாவும் பார்க்கில் விளையாடுவோம். அங்கே வலை இல்லை. அடித்தால் நான்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். அது எங்களுடைய ரூல்.”

“தோளில் தட்டுவதும் ரூலா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “இல்லை. அப்பா கோலுக்குள் நிற்பார். குளிருக்குள். அவருக்கு அவ்வளவு நல்லாய்ப் பிடிக்கத் தெரியாது. நான் அடிக்க அடிக்க உள்ளே போகும். எனக்குப் பாவமாக இருக்கும். அதுதான் தட்டுவேன். பிறகு எல்லா கோல்காரருக்கும் தட்டப் பழகிவிட்டது.”

பக்கத்தில் இருந்த ஆசிரியர் ஒருவர் சிரிப்பை அடக்கக் கையால் வாயை மூடிக்கொண்டார். நான் என் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். அவன் சொன்னதில் யாழ்ப்பாணம் இல்லை. வெங்காயம் இல்லை, வரம்பு இல்லை. நான் ஊரைக் கொஞ்சம் அவனுடைய காலில் ஒட்டிவிட்டேன் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் இருந்ததோ கவுன்சில் திடலும் குளிரில் நின்ற ஒரு தகப்பனும்தான்.

எங்களை வெளியே இருக்கச் சொல்லிப் பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். பையனின் நோக்கத்தில் குழுவுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுற்றறிக்கை நோக்கத்தைப் பார்ப்பதில்லை, பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் பார்க்கிறது. தடை நிற்கும். அறிக்கையில் ‘எதிரணியைச் சீண்டினார்’ என்று இருப்பதை மட்டும் ‘தவறாக விளங்கிக்கொள்ளக்கூடிய விதத்தில் நடந்தார்’ என்று மாற்றுவார்கள். நல்ல திருத்தம், முன்னையதைவிடத் துல்லியமானது. அதனால் ஒரு பயனும் இல்லை.

6

ரயிலில் லண்டன் பிரிட்ஜ் வரை அவன் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். மாறி ஏறியபின் கேட்டான்: “ஏன் அப்பா எப்போதும் என்னையே எடுக்கச் சொன்னீர்கள்? நீங்கள்தானே பந்துக்குக் கிட்ட நின்றீர்கள்?”

சொன்னேன். மைதானம், வெங்காயப் பாத்தி, ஒரு சோடிக் கால் எல்லாவற்றையும் சொன்னேன். வரம்பு என்பதற்கு ஆங்கிலச் சொல் எனக்கு வரவில்லை. இரு உள்ளங்கையையும் நிமிர்த்திப் பிடித்து, நடுவில் இருக்கும் இடைவெளி என்று காட்டினேன். கவனமாகக் கேட்டான்.

“வலை இருந்திருந்தால்?”

“இருந்திருந்தா ஒருத்தரும் போய் எடுத்திருக்க மாட்டம்.”

“அப்போ உங்கள் பள்ளிக்கூடம் ஒரு வலை வாங்காததால் நான் ஃபைனல் விளையாட முடியாது.”

“ஓம். அப்பிடித்தான்.”

இத்தனை நாளுக்குப் பிறகு முதல்தடவையாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். எதிரில் இருந்த பெண் பத்திரிகையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார்.

இறுதி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை நடந்தது. என் ஷிப்டை மாற்றிக்கொண்டு போனேன். பிரதீபன் மாற்று ஆட்டக்காரரோடு வாங்குப் பலகையில் இருந்தான், மேலங்கியின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு. எங்கள் அணி ஒரு கோலால் தோற்றது. கோல் அடித்தவன் முழங்காலில் சறுக்கிக்கொண்டு எங்கள் பக்கமே வந்தான், அவனுக்கு மேல் ஆறேழு பேர் விழுந்தார்கள். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார். விதிப்படி அதில் பிழையில்லை. கடைசிப் பத்து நிமிடமும் எங்கள் அணி எதிரணிக் கோலுக்கு முன்னாலேயே நின்றது. மூன்று தடவை இடது பக்கத்தில் பந்து வெறுமனே உருண்டு போனது. அந்த இடத்தில் நிற்பவன் வாங்கில் இருந்தான். ஒவ்வொரு முறையும் அவனுடைய வலது கால் நிலத்தில் அசைந்ததைக் கண்டேன்.

முடிந்ததும் கூட்டாளிகளுக்குக் கைகொடுத்துவிட்டு வந்தான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். பேருந்துத் தரிப்பில் இருவரும் நின்றோம்.

“அப்பா, அன்றைக்கு நீங்கள் ‘ஓம்’ என்று சொல்லப் போனீர்கள்.”

அதில் கேள்வி இல்லை. “ஓம்” என்றேன்.

“நீங்கள் வாய் திறந்ததைக் கண்டேன்.”

“பிறகேன் இல்லையெண்டனீ? ஃபைனல் விளையாடியிருக்கலாமே.”

“விளையாடியிருக்கலாம்.” பையைத் தோளில் மாற்றிப் போட்டான். “ஆனால் பிறகு ஒவ்வொரு கோலுக்கும் கும்பிட வேண்டி வந்திருக்கும். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது எங்களுடைய விளையாட்டு. அவர்களுக்கு ஏன்?”

பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அவன் தெருவைப் பார்த்தபடியே சொன்னான்: “மட்ச்சில் இனி அப்படிச் செய்யமாட்டேன், அப்பா.”

“வேண்டாம்” என்றேன்.

“பார்க்கில் செய்வேன். அது வேறு.”

அவனுக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமைகள் ஏற்கெனவே கூட்டாளிகளுக்குப் போய்விட்டன. இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று நான் கேட்கவில்லை. பேருந்து வந்தது, ஏறினோம்.